என் இருநூறாவது ஆட்டத்துக்கு அக்காவின் சாட்சி

குல்லாபில், விக்டோரியா,
ஜூலை 5, 2023.

வயதில் மூத்தவளும் எங்கள் குடும்பத்தின் ஒரே நீதிபதியுமான நோரீன் அக்காவுக்கு, தம்பி கிளாரி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வெல்மாவும், என் இடது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். நீயும் லெஸ்லி அத்தானும் பெண்டிகோவின் ஜூலைக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பொன்விழாக் கல்யாண விருந்துக்கு அழைப்பு வந்து சேர்ந்தது. பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி என்று போட்டிருக்கிறாய். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் ஆரம்பித்தால் எனக்கே புரிவதில்லை. நம் ஊர்ப் பந்தாட்டச் சங்கத்தின் கூடத்தில், பியர் ஊற்றும் இடத்துக்கு மேலே, இருநூறு ஆட்டம் ஆடியவர்களின் பெயர்ப் பலகை தொங்குகிறதல்லவா, அதில் ஏழாவதாக ‘கி. பென்கெல்லி’ என்று தங்க எழுத்தில் முப்பத்தாறு வருஷமாக என் பெயர் இருக்கிறது. பதினாறு பருவம் பின்மூலையில் காவல் நின்று, விலா இரண்டு, மூக்கு ஒன்று, பல் கணக்கில்லை என்று கொடுத்து வாங்கிய எழுத்து அது. நானாக ஒரு கோல்கூடப் போட்டதில்லை, போட விட்டதும் இல்லை. இப்போது டெஸ்மண்ட் டிரவாஸ்கிஸ் என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், வேறு வேலை இல்லாமல், சங்கத்தின் வரலாறு எழுதுகிறேன் என்று பழைய பத்திரிகைகளையெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறான். போன மாதம் கறிக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“கிளாரி, உனக்கு நூத்தித் தொண்ணூத்தொம்பதுதான்யா வருது.”

“மறுபடி எண்ணுய்யா.”

“நாலு தடவ எண்ணிட்டேன். எழுபத்துமூணு ஜூலை பதினாலு, சனிக்கிழமை. அன்னிக்கு நீ ஆடல. உன் எடத்துல ஹாக்கிங் ஆடியிருக்கான்.”

தேதியைப் பார்த்தாயா அக்கா? உன் கல்யாண நாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது, வாங்கிய ஆட்டுக்கறியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், அதற்கு வெல்மா தனியாகத் திட்டினாள். அன்றைக்கு நான் ஆடவில்லையென்றால் உன் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்களா இல்லையா? நம் அம்மாகூட அப்போது என் பக்கம்தான் பேசினாள். “மனுஷங்க யாராவது ஜூலை மாசத்துல, அதுவும் சனிக்கிழமை கல்யாணம் வைப்பாங்களா? பந்தாட்ட சமயம்னு தெரியாதா?” என்று உன்னிடமே கேட்டாள். எனக்கு அந்த ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரே மழை, முழங்கால் வரை சேறு, மூன்றாம் கால்பகுதியில் என் சுண்டுவிரல் உடைந்தது. டெஸ்மண்டிடம் சொன்னேன். சுண்டுவிரல் உடைந்தது எழுபத்தைந்தில் என்று பத்திரிகையைக் காட்டுகிறான். உன் கல்யாணப் படத்தில் எல்லோரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்களே என்று வெல்மா வேறு கேட்கிறாள். உள்ளூர் மழை என்றேன். மாதா கோயிலுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு கோதுமைக் கிடங்குதானே இருக்கிறது என்கிறாள். எது எங்கே பெய்தது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சங்கத்துக்காரர்கள் நல்லவர்கள், என் பெயரைச் சுரண்டி எடுக்க மனமில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் நான் ஆடிவிட்டால் இருநூறு ஆகிவிடுமாம். இரண்டாம் அணியில் பெயர் கொடுத்து, முதல் பந்து விழும்போது உள்ளே நின்று, நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாமாம். எந்தச் சனிக்கிழமை என்று கேட்டேன். பதினைந்தாம் தேதி என்றார்கள், இந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் அதுதான் கடைசி ஆட்டமாம். எழுபத்தொரு வயதில் இது தேவையா என்று டாக்டர் கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போனேன். பழைய இருபத்திரண்டாம் எண் சட்டை என் வயிற்றில் பாதியில் நின்றுவிட்டது, கத்தரித்துத்தான் கழற்றினார்கள். பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தபோதே தொடை பிடித்துக்கொண்டது, அதற்குத் தைலம் தேய்த்தவன் தேய்த்த கையாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டான். பிறகு, மைல்கல் ஆட்டக்காரன் கிழித்துக்கொண்டு ஓட ஒரு காகிதத் தட்டி கட்டுவார்களே, அதில் ஒத்திகை பார்க்கச் சொன்னார்கள். காற்றில் கிழிந்துவிடக் கூடாது என்று சங்கத்துப் பெண்கள் பார்சல் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்த எரிந்த கண்ணோடு ஓடிப் போய் மோதினேன். தட்டி கிழியவில்லை அக்கா, நான்தான் திரும்பி வந்து புல்லில் உட்கார்ந்தேன். வேலியோரம் காரில் இருந்த வெல்மா, கோல் விழுந்தால் அடிப்பது போல ஹாரன் அடித்தாள்.

ஆகவே உன்னை மன்றாடிக் கேட்பது என்னவென்றால், நீ எனக்குச் சாட்சி சொல்ல வேண்டும். ஆடியவன் சொல் செல்லாது, வேறு யாராவது எழுத்தில் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று டெஸ்மண்ட் சொல்லிவிட்டான். ஐம்பது கிறிஸ்துமஸாக, கேக் வெட்டும்போதெல்லாம், “என் கல்யாணத்துக்கு ஊரே வந்துச்சு, கூடப்பொறந்தவன் மட்டும் முட்டைப் பந்து பொறுக்கப் போயிட்டான்” என்று நீ சொல்வாயே, அதை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். இதைவிடப் பலமான சாட்சி விக்டோரியா மாநிலத்திலேயே கிடையாது. இருநூறும் சரியாகிவிடும், சனிக்கிழமை நான் ஆடவும் வேண்டியதில்லை, உன் விருந்துக்கும் வந்துவிடலாம். அனுப்பாவிட்டால் ஒன்று பெயர் போகும், இல்லை மறுபடியும் உன் கல்யாணத்துக்கு வராதவனாகிவிடுவேன். இந்த வயதில் எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் இடுப்புக்கு வெல்மாவின் விசாரிப்பு. உங்கள் இருவருக்கும் இன்னும் பல பொன்விழா நடக்க, அதிலும் குளிர்காலச் சனிக்கிழமை இல்லாமல் நடக்க, மனமார வேண்டும்,

உன் தம்பி,
கிளாரன்ஸ் பென்கெல்லி
(199 அல்லது 200 ஆட்டங்கள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வெல்மா படித்துப் பார்த்தாள். “கிளாரி, அக்காவையே பொய் சாட்சி சொல்லச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?” என்றாள். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ, நான் அவளிடமும் சொன்னதில்லை. மேலே எழுதியதெல்லாம் விட்டுவிடு அக்கா. நான் ஆடவில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கறிக்கடைக் கண்ணாடியில் அணிப் பட்டியல் ஒட்டினார்கள், அதில் என் பெயர் இல்லை. நான் இல்லாமல் அணியே இறங்காது, கல்யாணத்துக்கெல்லாம் வர முடியாது என்று உன்னிடமும் அம்மாவிடமும் ஒரு மாதமாகச் சண்டை போட்டிருந்தேன். என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று எந்த முகத்தோடு வந்து சொல்வது? சனிக்கிழமை எல்லோரும் பார்க்கப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மாதா கோயிலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். உன் முக்காடு கார்க் கதவில் மாட்டிக்கொண்டது. அப்பாவுக்கு எடுக்கத் தெரியவில்லை, நீயே இழுத்துக் கிழித்தாய். படியேறும் முன் இரண்டு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்தாய். என்னைத்தான் தேடுகிறாய் என்று தெரிந்தும் நான் வெளியே வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. டெஸ்மண்டுக்கு ஒன்றும் எழுதாதே, இப்போதே அவன் வீட்டுக்குப் போய் நூற்றுத் தொண்ணூற்றொன்பது சரிதான் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன், நாளைக்குப் பெயரைச் சுரண்டிவிடுவார்கள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நானும் வெல்மாவும் உன் வாசலில் நிற்போம். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, திட்டி முடித்ததும் உள்ளே கூப்பிடு.