மூன்று கிண்ணம் ஆஷூரே

இனிமேல் சர்க்கரையைத் தொடமாட்டேன் என்று ரொட்டியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவன் நான். சாட்சி, என் மனைவி முவல்லா. அந்தச் சத்தியத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதற்குள் ஒரு நகரமே நுழைந்துவிட்டது.

என் தொழில் அப்படி. இஸ்தான்புல்லின் பேட்டைகளை ஒரே நாளில் நடந்தே சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி நான். பலாத்தில் பழைய யூதர் தெரு, அக்சராயில் சிரியாக்காரர்களின் கடைவீதி, சமாத்யாவில் ஆர்மீனியர் குடியிருப்பு. காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மாலை ஐந்தாகும். "ஒரு பேட்டையைப் புரிந்துகொள்ள அதன் இனிப்பைச் சாப்பிட வேண்டும்" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பயணிகளிடம் சொல்வேன். அவர்கள் ஒரு துண்டிலேயே புரிந்துகொள்வார்கள். எனக்குப் புரிய ஆறு துண்டாவது வேண்டும்.

வீட்டில் கேட்டால் ஒரே பதில்: "சர்க்கரை இல்லாத டீதான்."

ரத்தப் பரிசோதனை மட்டும் என்னோடு ஒத்துழைக்கவில்லை. டாக்டர் மூன்று முறை மாத்திரையைக் கூட்டிவிட்டார். முவல்லா பயந்துபோனாள். அவள் அண்ணனுக்கு இதே சர்க்கரை வியாதியில்தான் காலை எடுத்தார்கள். என் இடது கால் கட்டைவிரல் மரத்துப்போய் இரண்டு மாதமாகிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நடந்து பிழைக்கிறவன் கால் சரியில்லை என்று வாயைத் திறப்பானா?

முஹர்ரம் வந்தது. கோதுமை, கொண்டைக்கடலை, உலர்ந்த அத்தி எல்லாம் போட்டு முவல்லா ஒரு அண்டா ஆஷூரே காய்ச்சினாள். நாலு பேருக்குக் கொடுக்காமல் எங்கள் ஊரில் யாரும் அந்தப் பாயசத்தை வாயில் வைக்க மாட்டார்கள். நான் வேலைக்குக் கிளம்பும்போது மூடி போட்ட மூன்று கிண்ணங்களைத் துணியில் கட்டி நீட்டினாள்.

"ஏங்க, இதை உங்க சிநேகிதங்களுக்குக் குடுத்துடுங்க."

"எந்தச் சிநேகிதங்க?"

"தினமும் சர்க்கரையில்லாத டீ குடுத்து உங்களைக் காப்பாத்துறாங்களே, அந்த மூணு பேர். நெசிம், அபு யமான், மதாம் அராக்ஸி."

"சர்க்கரை வியாதிக்காரன் கையில இனிப்பைக் குடுத்தனுப்புறியே, பயமா இல்லை?"

"எனக்கென்ன பயம்? சத்தியம் பண்ணினவர்தானே நீங்க!"

பாவம், இப்படி நம்புகிறாளே என்று மனசு வலித்தது. பலாத் போய்ச் சேரும்வரை வலித்தது.

அங்கே மிட்டாய்க்கடை நெசிம் கிண்ணத்தைத் திறந்தார். மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பண்டிகை வாழ்த்தாக இருக்கும் என்று நான் பாதாம் உருண்டைகளின் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்துச் சிரித்தார். அடுத்தவர் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்குப் பெரிய மரியாதைக் குறைவு. ஆஷூரேயை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, உள்ளே போய் எதையோ நிரப்பி, இறுக்க முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார்.

"இது அக்காவுக்கு, ஷெவ்கி பே. வழியில பிரிக்கக் கூடாது."

நான் பிரிப்பேனா? வீட்டுக்குப் போகிற பொருளைத் தொடுவதில்லை என்பது என் கொள்கை. வயிற்றிலும் இடமில்லை.

அக்சராயில் இனிப்புக்கடை அபு யமான் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். "இந்தக் கிண்ணம் பத்தாதே! பெரிசா ஒண்ணு கொண்டு வந்திருக்கலாமே?"

"பாருங்கள், இதுதான் இந்த நகரத்தின் பெருந்தன்மை!" என்று பயணிகளிடம் சொன்னேன். பன்னிரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சமாத்யாவில் ரொட்டிக்கடை மதாம் அராக்ஸி மூடியை முழங்கையால் அழுத்தி மூடினார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் லேசாக இழுத்து நடக்கிற இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலைக் கப்பலில் அக்கரையில் உஸ்குதாரில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி, மூன்று கிண்ணங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். முவல்லா ஒவ்வொன்றாகத் திறந்தாள். பாதாம் உருண்டை ஆறு. பாகில் மிதக்கும் குனாஃபா ஒரு பாளம். எள் விழுது வைத்துச் சுருட்டிய இனிப்பு ரொட்டி இரண்டு.

"அடேயப்பா, அவங்களுக்கு எவ்வளவு தாராள மனசு!" என்றேன்.

"தாராளம் அவங்களோடது இல்லீங்க. சீட்டுல நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'கிண்ணத்தை வெறுமையா அனுப்ப மாட்டீங்க, தெரியும். எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறாரோ, அதையே, அதே அளவு வையுங்க. எனக்கும் ருசி பார்க்க ஆசையா இருக்கு.'"

எனக்கு எதிரான சாட்சியை நானே மூன்று பேட்டைகளில் சேகரித்து, கப்பலேற்றி, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்! அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் எனக்கு வீராப்பு வந்துவிடும்.

"நாளையிலேருந்து நானும் உங்ககூட நடக்கிறேன்" என்றாள்.

"நீயா? எட்டு மணி நேரம், ஏத்தமும் இறக்கமும்! என் காலைப் பாரு, இரும்பு! இதுக்கு ஒரு குறையும் இல்ல!"

"அப்படியா? உக்காருங்க. கண்ணை மூடுங்க."

உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். இடது கால் காலுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"கட்டைவிரலை அழுத்துறேன். தெரியுதா?"

"ஏன் தெரியாது? நல்லாத் தெரியுது! மெதுவா, வலிக்குதில்ல!"



"நான் இன்னும் தொடவே இல்லீங்க."