அசன விருந்தில் நான் அமுக்கிய சம்மதம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சம்பந்தி ஜெர்சோன் அண்ணாச்சி அவர்களுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து ஞானஒளிவு ஸ்தோத்திரத்தோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி சுந்தரபாயும் மகள் ஜெபிதாவும் சுகம். அங்கே எல்லாரும் சுகமா என்று கேட்க வாய் வரவில்லை; முந்தாநாள் நீங்கள் போனை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. போனில் பேச இனி எனக்குத் தைரியம் கிடையாது. அதனால்தான் இந்தக் காகிதம்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சா நான் எந்திரிச்சு ஆட்சேபணை சொல்லுதேன் பாத்துக்கிடும்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து ஜெபிதா என்னோடு பேசவில்லை. காபியைக்கூட மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். கல்யாண அறிவிப்பு வாசிக்கும்போது மாப்பிள்ளையின் அப்பாவே எழுந்து நின்றால், அதற்குப் பிறகு நான் இந்தச் சேகரத்துச் சபைகளில் எந்த முகத்தோடு நடப்பது? என்னை விடுங்கள், பிள்ளை என்ன செய்வாள்? நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

'விண்ணப்பத் தூதன்' என்ற ஆப்பைச் சேகரத்துக்குக் கொண்டுவந்தது செயலாளராகிய நான்தான். ஜெப விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம், இலவசம் என்றார்கள். ஸ்தோத்திரப் பண்டிகை அசன விருந்தில் எல்லாரும் பந்தியில் இருந்தபோது வரிசையாகப் போய் ஒவ்வொருவர் போனிலும் ஏற்றிக்கொடுத்தேன். அது தொடர்பு எண்களைக் கேட்டது, இருக்கும் இடத்தைக் கேட்டது, இன்னும் என்னென்னவோ கேட்டது. எல்லார் கையிலும் கறிச்சோறு. ஆகவே எல்லாருக்குமாக நானே 'சம்மதிக்கிறேன்' என்பதை அமுக்கிக்கொண்டே போனேன். நீங்களும் எலும்பைக் கடித்துக்கொண்டே, "நீரே அமுக்கும்வே, நமக்குள்ள என்ன" என்றீர்கள், ஞாபகம் இருக்கும்.

முதலில் சுந்தரபாய் மூட்டுவலிக்கு விண்ணப்பம் போட்டாள். மறுநாளே தைலம் விற்கிறவன் கூப்பிட்டான். ஆண்டவர் சீக்கிரம் பதில் தருகிறார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பிறகு பாடகர் குழு செல்வமணி, தன் தம்பி குடியை விடவேண்டும் என்று போட்டார். மறுவாரம் குடிமறப்பு நிலையத்து வேன் பட்டப்பகலில் வீட்டு வாசலில் வந்து நின்று தம்பி பேரைச் சொல்லி ஹாரன் அடித்தது. தெருவே கூடிவிட்டது. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது அண்ணாச்சி. யாருக்காக ஜெபிக்கிறோம் என்று குழப்பம் வரக்கூடாதே என, நம் வழக்கப்படி பேர், ஊர், அடையாளம் எல்லாம் போட்டேன்: 'குருவிகுளம், பஸ் நிறுத்தத்துக்கு எதிர்வீடு, சம்பந்தி ஜெர்சோனின் முன்கோபம் கல்யாணத்துக்குள் தணிய.' உங்கள் மேலுள்ள அக்கறையால் போட்டதுதான். யாரோ ஒரு பெண் உங்களைக் கூப்பிட்டு, என் பேரையும் சொல்லிக் கோபம் குறைக்கும் வகுப்புக்கு ஆள் சேர்ப்பாள் என்று நான் கனவா கண்டேன்? நீங்கள், "எனக்குக் கோவம் வருதுன்னு எந்தப் பய சொன்னான்?" என்று கத்தியதற்கு அவள், "இதுக்குத்தான் சார் வகுப்பு" என்றாளாம். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

யார் இதற்குப் பொறுப்பு என்று நேற்று முழுக்க அலைந்தேன். ஆப் கம்பெனியைக் கேட்டால், "நாங்க சேகரிச்சதோட சரி, கூப்பிட்டது வேற கம்பெனி" என்கிறான். அந்தக் கம்பெனி, "அவங்க குடுத்தாங்க, நாங்க கூப்பிட்டோம்" என்கிறது. குருவானவர், "சேகர மன்றத்தில் கொண்டுவந்தது யார்?" என்றார். மன்றத்தார், "நீருதான கொண்டாந்தீரு" என்கிறார்கள். சுற்றிச் சுற்றி என் விரலில் வந்து நிற்கிறது. அதுதான் நியாயமும். இலவசமா என்று கேட்டேனே தவிர, சொல்வதெல்லாம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக் கண்ணீரை என் வீட்டுச் சாமான்போல எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆப்பை எல்லார் போனிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லி, கொடுத்ததையெல்லாம் அழிக்கும்படி கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். ஞாயிறன்று சபைக்கு முன்னால் நின்று தப்பு என்னுடையது என்று சொல்வேன். ஓலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். என் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை அண்ணாச்சி.

உங்கள் வீட்டின் மேல் கர்த்தருடைய சமாதானம் தங்குவதாக. மதினிக்கும் மாப்பிள்ளை ஜோன்ஸுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
ஞானஒளிவு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. ஒரு பெண், "மணமகள் அப்பாவா சார்? மாப்பிள்ளை ஜோன்ஸ் சாருக்கு முடி நடுறத கல்யாணத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்றாள். "அவருக்குத்தான் தலை நிறைய முடி இருக்கே தாயி" என்றேன். "அது மாட்டியிருக்கிற விக்கு சார். அவங்க அப்பாவே விண்ணப்பம் போட்டிருக்காங்க" என்று வாசித்தும் காட்டினாள்: 'என் மகன் தலை விஷயம் தாலி ஏறும்வரை பெண்வீட்டாருக்குத் தெரியாதிருக்க.' நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஜெபிதா இரண்டு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்: "எனக்குத் தெரியும்ப்பா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவங்க சொல்லிட்டாங்க. நானும் அப்பவே சரின்னுட்டேன்."

அண்ணாச்சி, அதுகள் ரெண்டும் ஒன்றுக்கொன்று நேரில் சொல்லிக்கொண்டதை, நாம் ரெண்டுபேரும் ஊர் பேர் தெரியாத கம்பெனியிடம் போய்ச் சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கப்படும். நீரும் எழுந்திருக்க மாட்டீர், நானும் எழுந்திருக்க மாட்டேன். மேலே கேட்டிருக்கும் மன்னிப்பில் பாதியைத் திருப்பி அனுப்பும்.