ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் மலர்ந்த மேதை

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் பலர் உண்டு. ஒரே இடத்தில் கசிந்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு பணிக்காலம் முழுவதும் பதவி உயர்வு பெற்றவர் என் அத்தான் ஒருவரே.

அவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய ஆய்வுக்கூடம் அக்காவின் சமையலறை. அங்கிருந்த ஃப்ரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். சாதாரணக் கணவனாக இருந்தால் அன்றைக்கே சரிசெய்துவிட்டு, பேர் தெரியாமல் போயிருப்பான். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தார்.

முதலில் பிறந்தது 'எச்சரிக்கை மணி'. ஷாக் அடித்ததும் மணி அடிக்கும்.

"அடிச்ச பிறகு மணி எதுக்குங்க? எனக்குத்தான் தெரியுமே!" என்றாள் அக்கா.

"உனக்குத் தெரியும். அடுத்த ரூம்ல இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தத் தொலைநோக்கைப் பாராட்டித் துறை அவரை ஒரு படி உயர்த்தியது.

அடுத்தது 'அலறல்மானி'. அக்கா எவ்வளவு உரக்க அலறுகிறாள் என்பதை முள் காட்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டால் முள் அசையாது. "கொஞ்சம் மனசு வச்சுக் கத்தேன்மா" என்று அத்தான் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன். தலைமைப் பொறியாளர் ஆனார்.

"இதைச் சரி பண்ண என்னதான் வேணும், அத்தான்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பின்னாடி எர்த் கம்பி கழண்டு தொங்குது. மெயினை அணைச்சுட்டு மாட்டினா முடிஞ்சுது."

"மாட்டிடலாமே?"

என்னைக் கருணையோடு பார்த்தார். "மச்சான், அது ரிப்பேர். கண்டுபிடிப்பு இல்ல. சரி, அக்காகிட்ட ஜில்லுனு தண்ணி கேளு."

கையில் துணியைச் சுற்றியபடி நின்றிருந்த அக்கா, கம்பி தொங்கிய பக்கம் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு துறை அவருக்கு 'வாழ்நாள் சாதனை விருது' அறிவித்தது. நேரில் சோதித்த பின்பே வழங்க வேண்டும் என்பது விதி. எனவே தேர்வுக் குழு சமையலறைக்கு எழுந்தருளியது. அத்தான் புதுச் சட்டையில் வியர்த்தார்.

"தொடுங்கம்மா" என்றார் தலைவர்.

அக்கா கைப்பிடியை இழுத்தாள். பாட்டிலை எடுத்தாள். மூடினாள். மணி வாயைத் திறக்கவில்லை. முள் தூங்கியது.

"காலையிலதான் கம்பியை மாட்டினேன்" என்றாள்.

"யாரைக் கேட்டுப் பிரச்சினையைத் தீர்த்தீங்கம்மா?" என்று தலைவர் பதறினார். ஆராய்ச்சிக்குக் குந்தகம் விளைந்ததைக் குழு வன்மையாகக் கண்டித்தது. கம்பியை உடனே கழற்றுமாறு ஒருமனதாகத் தீர்மானித்தது.

"ஒரே ஒரு தடவை. என் மானத்தைக் காப்பாத்து" என்று அத்தான் கிசுகிசுத்தார்.

அக்கா மெயினை அணைத்தாள், கம்பியைக் கழற்றினாள், மெயினைப் போட்டாள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கழட்டியாச்சு. இந்தத் தடவை நீங்க தொடுங்க, தலைவரய்யா."

"எனக்கு மூட்டு வலி" என்றார் தலைவர்.

"நான் கணக்குப் பிரிவு" என்றார் செயலாளர், வாசற்படி வரை பின்வாங்கி.

"அப்ப நீங்களாவது தொடுங்களேன்" என்று அக்கா அத்தானிடம் திரும்பினாள். அவர் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். இருந்தது ஒரே பை.

விருது அங்கேயே வழங்கப்பட்டது. தகுதியானவருக்குத்தான் போனது. மின் பாதுகாப்பை அவரைவிடக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தவர் எவருமில்லை. இத்தனை வருட ஆராய்ச்சியில் அந்தக் கைப்பிடியை அத்தான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.