அட்டைப்படத்துக்கு ஒரு வெள்ளிக் காசு

படத்தில், வெள்ளிக் காசின் நடுவில் மறுபடியும் ஏகப்பனின் மூக்குதான் விழுந்திருந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் பியாஸ்தர் நாணயம் அது. சைகானில் வட்டிக்கடை வைத்திருந்த பாட்டையா விட்டுப்போனது என்று ஏகப்பன் நாணய ரசிகர் சங்கத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். இப்போது ஆண்டு மலரின் அட்டைக்குப் படப் போட்டி வைத்திருந்தார்கள். மலர் எதைப் பற்றியது என்று செயலாளர் லெயோன் விளக்க வாயெடுத்தபோதே, "அட்டை எங்க குடும்பத்துக் காசுக்கு. மத்ததை நீங்க பாத்துக்கங்க" என்று எழுந்து வந்துவிட்டார். காரைக்குடிப் பங்காளி வயிரவனுக்கும் சேதி சொல்லியாயிற்று. இனி அட்டையில் வராவிட்டால் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது.

சைகானின் பூ மி ஹங் பகுதியில் அவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசைதான் ஸ்டுடியோ. மேலிருந்து எடுத்தால் மூக்கு. ஃபிளாஷ் போட்டால் காசு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. வெளிச்சத்தை மெல்லிய தாளால் வடிகட்ட வேண்டுமென்று எங்கோ படித்திருந்தார். மனைவி சிவகாமி ஸ்பிரிங் ரோலுக்கு நனைத்து வைத்திருந்த அரிசித் தாள் கண்ணில் பட்டது. விளக்கின்மேல் அதைப் போர்த்தினார்.

தாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு வழுக்கி விழுந்து காசைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. உரித்தபோது நூறாண்டுக் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கூடவே வந்தது.

பழைய காசைத் துலக்குகிறவன் கொலைகாரனுக்குச் சமம் என்று போன கூட்டத்தில்தான் அரை மணி நேரம் முழங்கியிருந்தார். இப்போது பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டு விபூதியை அள்ளினார்.

"உள்ள என்ன செய்றீக?" என்றாள் சிவகாமி வெளியிலிருந்து.

"சாமி கும்பிடுறேன்."

"பல்லு விளக்குற பிரஷ்ஷை வச்சுக்கிட்டா?"

காசு கண்ணாடியாகிவிட்டது. இப்போது மூக்கு மட்டுமில்லை, பனியனோடு முழு ஏகப்பனும், தலைக்குமேல் சுழலும் மின்விசிறியும் அதில் தெரிந்தன. கறுப்புப் போர்வையில் கேமராவுக்கு ஓட்டை வெட்டி, அதற்குள் புகுந்துகொண்டார். விசிறிக் காற்றில் போர்வை ஆடியதால் விசிறியையும் நிறுத்தினார். சைகான் வெக்கையில் அந்தக் கறுப்பு மூட்டை மேசையைச் சுற்றி முனகிக்கொண்டே நகர்வதைப் பார்த்த சிவகாமி, புதிய அரிசித் தாளை நனைக்கப் போய்விட்டாள்.

கடைசியில் விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தபோது அந்த அற்புதம் நிகழ்ந்தது. காசில் அமர்ந்திருந்த சீமாட்டியின் அங்கி மடிப்பெல்லாம் துல்லியம். கன்னத்தில் பொடிப்பொடியாகக் குழிகள். விளிம்பைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கோடு.

"பாத்தியா, அந்தக் காலத்து வேலைப்பாடு. இந்தக் கோடு வேற எவன் படத்துலயாவது வந்திருக்கா?" என்றவர், கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும்படி விளக்கைச் சரித்து ஒன்று எடுத்து, அதையே அனுப்பினார்.

மறுநாள் மாலை, மலரை வடிவமைக்கும் ஜோசெட் அழைத்தாள். புதுச்சேரிக் குடும்பத்துப் பெண், சைகானிலேயே பிறந்தவள்; ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் 'முசியே' என்பாள். ஏகப்பன் சிவகாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்னொரு போனில் வயிரவனை வீடியோவில் பிடித்தார். அதன்பிறகே ஜோசெட்டின் குரலைச் சத்தமாக வைத்தார்.

"அட்டை ஒங்களோடதுதான் முசியே. நடுவருங்க எல்லாரும் ஒரே முடிவு."

ஏகப்பன் வயிரவனைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "காசு யாரோடதுன்னு அட்டையில போடணும்மா. எங்க பாட்டையா பேரு பெரிய எழுத்துல வரணும்."

"அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன் முசியே. வார்ப்புல விழுந்த ஒட்டுக்கோடு, காத்துக்குமிழி எல்லாம் இவ்வளவு பளிச்சுன்னு வேற யார் படத்துலயும் இல்ல. 'கள்ளக் காசைக் கண்டுபிடிப்பது எப்படி'ங்கற தலைப்புக்கு மேல அவர் பேரைப் போடவா, கீழ போடவா?"