டைரக்டர் தலைப்பாகை கட்டிய நாள்

புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு, அதன்படி வாழப் புறப்படுகிற ஆட்களில் நான் ஒருவன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த வெக்ஸ்போர்ட்டில், எங்கள் அபார்ட்மெண்டுக்குக் கிட்ட ஒரு நூலகம். அங்கே பேசாப்படக் காலத்து ஹொலிவூட் நடிகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு கிடைத்தது. மனிசன் நாட்கூலிக்குக் குதிரையிலிருந்து விழுகிற வேடத்தில் தொடங்கி, கதாநாயகனாகி, கடைசியில் டைரக்டராகவும் ஆகிவிட்டார். தானே இயக்கித் தானே நடித்தார். (நானும் பள்ளிக்கூட நாடகத்தில் வாயிற்காவலனாக நின்றவன். முதல் படி தாண்டியாச்சு.) அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன்.

அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கலியாணம். கொழும்பில் ஒரு அறையில் இருந்த அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை.

"தாலி கட்டுறதை மட்டும் வடிவா எடுத்து அனுப்பு தம்பி. எனக்கு அது காணும்" என்றார் போனில்.

வீடியோக்காரர் ஒருவரைப் பிடிப்போம் என்றாள் தங்கச்சி.

"என்னத்துக்கு? நான் எடுக்கிறன்."

"அண்ணா, நீங்கள்தானே மாப்பிள்ளைத் தோழன். மணவறையில எல்லோ இருக்கவேணும்?"

"இருந்துகொண்டே டைரக்ட் பண்ணுவன்."

பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் கால் கழுவி, தானும் தலைப்பாகை கட்டி அவர் பக்கத்தில் உட்காருவது எங்கள் வழக்கம். றிச்மண்ட் ஹில் பக்கத்து மண்டபம் ஒன்றில், கமராவை முக்காலியில் பூட்டி, தங்கச்சியின் கழுத்துக்குக் குறிவைத்து, பொத்தானை அமத்திவிட்டு மணவறையில் போய் இருந்தேன். சும்மா இருந்தேனா?

"மச்சான், நாடியைக் கொஞ்சம் நிமித்தும். ஐயா, புகை கமராவுக்கு வருது, ஓமத்தைக் குறையுங்கோ."

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு ஓமம் வளர்த்திருக்கலாம்.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியுடன் எழும்பினார். தாலி படத்துக்குள் விழுகிறதா என்று பார்க்க நானும் எழும்பி, இரண்டடி முன்னால் போய், நன்றாகக் குனிந்தேன்.

மாலையில் எல்லோரும் ரீவிக்கு முன்னால் கூடினார்கள். கெட்டிமேளம் கேட்டது. திரை முழுக்க என் தலைப்பாகை. அதற்குக் கீழே என் பிடரி. அது விலகியபோது தாலி ஏறி, மாலை மாற்றி, தங்கச்சி அழுதும் முடித்திருந்தாள்.

"இன்னொருக்காக் கட்டி எடுப்பமோ?" என்றேன்.

"தாலியை ரெண்டுதரம் கட்டுறதோ? விசரே உனக்கு?" என்றார் பெரியம்மா. தங்கச்சி எழும்பிப் போய் ரீவியை நிறுத்தினாள். அதுதான் சுட்டது.

(பிறகு போய்ப் புத்தகத்தின் மிச்சத்தை வாசித்தேன். அந்த மனிசனும் இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்க்கப்போய் ஒரு படத்தைக் கவிழ்த்து, மற்றவர்களின் படங்களில் சின்ன வேடங்களுக்குத் திரும்பினாராம்.)

வேறு வழியில்லாமல் அந்தக் கசெற்றையே அனுப்பினோம். மூன்று கிழமை கழித்து அம்மா போன் எடுத்தார்.

"தம்பி, தாலியைக் காணேல்ல."

"ஓம் அம்மா. என்ர பிழைதான்."

"உன்னைக் கண்டு ஆறு வருசம். பிடரியெல்லாம் மெலிஞ்சு கிடக்கு. நேரத்துக்குச் சாப்பிடுறியோ? அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தனான்."

ரிசீவரைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மா வந்து இறங்கினார். விமான நிலையத்திலேயே தங்கச்சியின் குளிர் ஜக்கெற்றைத் திறந்து, தாலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் திருப்பி நிற்கவைத்துப் பிடரியைப் பார்த்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கமராவைத் தூக்கினாலும் முதலில் அம்மாதான் கேட்பார்: "டைரக்டர் இருந்திட்டானோ?" நான் கதிரையில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் கேக் வெட்டுவார்கள்.