நெகட்டிவ் மாமாவும் மூன்று கல்யாணப் படங்களும்

உலகத்திலேயே தும்மலுக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் நெகட்டிவ் மாமாதான். அவருக்கு ஒரு நிஜப்பெயர் உண்டு. மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் அது யாருக்கும் தெரியாது. பழைய போட்டோ பிலிம்களை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் ரிட்டயரான பிறகு அவருடைய வேலை. ஏற்றினார் என்பதைவிட, எப்படி ஏற்றலாம் என்று ஆராய்ந்தார் என்பதே சரி.

பிலிமில் தூசி படியக் கூடாது என்று ஃபேன் கிடையாது. ஜன்னல் கிடையாது. சித்திரை வெயிலில் வாட்ச்மேன் என்னிடம் ஓடி வந்தார்: "இன்னா சார், மாமா வூட்டுல பட்டப்பகல்ல எல்லாத்தையும் மூடிக்கினு கீறாங்க! எதுனா பிரச்சினையா?" உள்ளே போனால் மாமா வேர்த்து வழிந்தபடி, "மூச்சு விடாதே, கிட்ட வராதே" என்றார்.

அவரிடம்தான் நான் போய் மாட்டினேன். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம் கூழாகிவிட்டது. பரணில் பிஸ்கட் டின்னில் இருந்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டும் தப்பியது. ஐம்பதாவது கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "கண்ணால ஒரு தடவை பாத்துட்டா போறும்டா" என்றாள் அம்மா.

"அவசரப்படாதே. மூணு வழி இருக்கு. மூணையும் பாத்துடுவோம்" என்றார் மாமா.

முதலில் ஸ்கேனர். அது ஒரு படத்தை முடிப்பதற்குள் கபாலி கோயிலுக்குப் போய்ப் பிராகாரம் சுற்றிவிட்டு வந்துவிடலாம். இரண்டாவது, டேப்லெட்டில் வெள்ளை வெளிச்சம் வைத்து, அதன்மேல் பிலிமை வைத்து, மேலிருந்து செல்போனில் எடுப்பது. செல்போனைத் தாங்கியவை மாமியின் இரண்டு முறுக்கு டப்பாக்கள். மூன்றாவது, பெரிய கேமராவைக் குளோசப் லென்ஸோடு தலைகீழாக ஸ்டாண்டில் தொங்கவிடுவது. முறுக்கு டப்பா முறையை மாமா மதிக்கவே இல்லை.

"கேமராவுல நாயனக்காரரோட மோதிரம்கூடத் தெரியறதுடா!"

"அப்பா அம்மா தெரியறாளா மாமா?"

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

கல்யாண நாளுக்கு முந்தின சாயங்காலம் மூன்று பிரிண்ட்டுகளை எங்கள் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னன்னா இது? உங்க பூணூல் வலது தோள்ல இருக்கு!"

நல்ல காரியங்களுக்குப் பூணூல் இடது தோளில்தான். வலது தோளுக்கு மாற்றுவது செத்துப்போனவர்களுக்குச் செய்யும் காரியத்துக்கு. அப்பா எட்டிப் பார்த்து, "கல்யாணத்தன்னிக்கே தர்ப்பணத்துக்கு உக்காந்துட்டேனா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. "இருக்கறது இது ஒண்ணு. இதையும் சுவத்துல மாட்ட முடியாது" என்று உள்ளே போய்விட்டாள்.

மாமா வெளிறிப்போனார். படம் படிந்திருப்பது பிலிமின் மங்கலான பக்கத்தில். அதை லென்ஸுக்குக் காட்டினால்தான் துல்லியம் என்று மூன்று முறையும் அப்படியே வைத்திருக்கிறார். மூன்றிலும் இடம் வலமாகிவிட்டது.

"கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டினா திரும்பிடுமே மாமா" என்றேன்.

"அது ஏமாத்து வேலை. பிலிமை வெச்சதுல தப்பு. அங்கதான் சரி பண்ணணும்" என்று பிலிமை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல் ஒரே ஒரு பிரிண்ட்டோடு வாசலில் நின்றார். பூணூல் இடது தோளில் இருந்தது. அம்மா வாங்கிப் பார்த்து, "எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேள்!" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த வழி மாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"முறுக்கு டப்பா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

இப்போது மாமா பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அடிக்கடி போன் வரும். "டேய், அந்தப் படத்துல தூசி ஏதாவது தெரியறதா?"

"இடது மூலையில ஒண்ணு உறுத்திண்டே இருக்கு மாமா. நீங்க நேர்ல வந்து பாத்தாத்தான் ஆச்சு."

மறுநாளே பஸ் ஏறி வந்துவிடுவார். அம்மா தினமும் துடைக்கிற படத்தில் தூசி ஏது? அவரைப் பார்க்காமல் எங்களால்தான் இருக்க முடியவில்லை.