துருவுக்கு ஒரு குடம் தீர்த்தம்

உங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில், சக்கரங்களைக் கழற்றிச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றிய மோட்டார் வண்டி ஒன்று நிற்கிறதா? கோழி ஏறி உட்காராமலிருக்க அதன் மேல் ஓலைத் தட்டி சாத்தியிருக்கிறதா? அப்படியானால் அந்த வீட்டுக்குள், கையில் வண்டி மை படாமல் கவனமாக உட்கார்ந்துகொண்டு ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். அவருடைய இனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொள்வார். துருவை மூடுகிறவர் என்று நான் சொல்லுவேன்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துக்காரர்கள் தட்டுமுட்டுகளை ஏலம் போட்ட நாளிலிருந்து இந்த இனம் நம் பக்கத்தில் பெருகிவிட்டது. முன்னால் இரண்டு பேர் உட்கார இடமும் பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டியுமாக, எங்கெங்கோ காட்டிலும் சேற்றிலும் உழைத்து ஓய்ந்த பிக்கப் வண்டிகள் வந்து சேர்ந்தன. அப்படி ஒன்றை வாங்கியதும் நம்மவருக்கு முதலில் என்ன தோன்றும்? எஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்றா? இல்லை. ஜோசியரைப் பார்க்கலாம் என்று.

வண்டியைப் பிரிக்க நாள் பார்ப்பார். பிரித்ததைப் பூட்டவும் நாள் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை ஸ்பானரைத் தொடமாட்டார். ராகுகாலத்தில் பெட்ரோல் ஊற்றமாட்டார். கழற்றிய சாமான்களைச் சாக்கில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுவைத்து, திரும்பப் பூட்டும்போது மிஞ்சிப்போன ஆணிகளை, ‘வெள்ளைக்காரன் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வைப்பான்’ என்று ஒரு டப்பாவில் போட்டு மூடுவார். வந்தவர் போனவரிடமெல்லாம் வண்டியின் நெற்றியில் தட்டி, “இரும்புன்னா இதுல்லா இரும்பு” என்பார். தட்டின இடத்தில் செதில் உதிரும். அதைக் காலால் மண்ணுக்குள் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்.

துருவை மட்டும் அவர் சுரண்டமாட்டார். இந்த இனத்தை அடையாளம் காண இது ஒன்று போதும். உப்புத்தாளால் தேய்த்தால் துரு போகும். துரு போனால் அடியிலிருக்கும் ஓட்டை தெரியும். ஓட்டை தெரிந்தால் கெட்ட தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, ‘ஓட்டை வண்டியையா வாங்கினீர்?’ என்று நாலு பேர் கேட்பார்கள். இந்த வம்பெல்லாம் எதற்கு? சுண்ணாம்பையும் எண்ணெயையும் பிசைந்து மக்கு உருட்டி ஓட்டையை அடைத்து, மேலே பச்சைச் சாயம் பூசிவிட்டால் வண்டிக்கும் மானம், வாங்கியவருக்கும் மானம். உள்ளே துரு தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். நம் தேசத்தில் இன்னும் எதையெதை இந்த முறையில் புதுப்பித்து வைத்திருக்கிறோம் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

உதாரணத்துக்குக் கொட்டாரத்து நாராயணபெருமாள் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வயலும் தோப்பும் உள்ளவர். வாசகசாலை ஆண்டு விழாவில் விஞ்ஞான யுகத்தைப் பற்றி அழகாகப் பேசக்கூடியவர். அவருடைய பிக்கப்பில் துரு கண்டதும், ‘இரும்பு சனிக்கு உரியது, ஆகையால் துரு சனியின் சேஷ்டை’ என்று ஜோசியர் கண்டுபிடித்துச் சொன்னார். பிள்ளை உடனே சனிக்கிழமைதோறும் வண்டிக்கு அடியில் ஒரு நல்லெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்தார். பெட்ரோல் டாங்கிக்கு நேர் கீழே. அவர் மனைவி தாணம்மாள்தான் விளக்கை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். அவளுக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது.

“வெளக்குல எரியுத எண்ணெயத் துணியில நனைச்சு அந்தத் தகரத்துல தேச்சா என்னவாம்? தோசைக்கல்லு துருப்பிடிச்சா நான் அதத்தானே செய்யுதேன்?”

“ஏட்டி, சனீஸ்வரனுக்கு உள்ளதத் தகரத்துக்குத் தேய்க்கச் சொல்லுதியா?” என்றார் பிள்ளை.

விஞ்ஞானம் அந்த முற்றத்தில் அதோடு வாயை மூடிக்கொண்டது.

ஒருவழியாக வண்டி ஓடியது. ஆனால் யார் ஏற்றுவார்கள் அதில் சரக்கை? நெல் வியாபாரி பார்த்தார், சிரித்தார், மாட்டு வண்டியை அழைத்தார். கடைசியில் வாடகைக்கு வந்தவர்கள் குமரிக் கடப்புறத்து மீன்காரப் பெண்கள். மீன்கூடையோடு பஸ்ஸில் ஏற அவர்களுக்கு அனுமதியில்லை. நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குத் தலைச்சுமையாக ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும், மீன் தளர்ந்துவிடும், வாங்குகிறவர்கள் போய்விடுவார்கள். வண்டியில் போனால் மீன் துடிப்பாகப் போகும். வீட்டில் உலை கொதிக்கும். அவர்களுக்கு அது வண்டியல்ல, அன்றாடச் சோறு. அவர்களில் ரீத்தா என்று ஒருத்தி. வயதில் இளையவள், வாயில் எல்லோருக்கும் மூத்தவள். பேசி முடித்து வாடகையை உறுதிசெய்தவள் அவள்தான்.

பிள்ளை சம்மதித்தார். காசுக்குத் தீட்டில்லை என்பது நம் சாஸ்திரங்களின் பெருந்தன்மை. ஆனால் வண்டிக்கு உண்டே! பெண்கள் பின்னால் பெட்டியில்தான் இருக்க வேண்டும். எத்தனை நெருக்கடியானாலும், பிள்ளைக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தாலும், முன்பக்கம் ஒருத்தியும் ஏறக்கூடாது. இதற்குமேல் ஒரு பரிகாரமும் வைத்திருந்தார். விடியற்காலையில் பெண்களை ஏற்றக் குமரிக்குப் போகும்போது முக்கடலும் கூடுகிற படித்துறையில் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தீர்த்தம் மொண்டு, தம் காலடியில் வைத்துக்கொள்வார். மேடு பள்ளத்தில் பாதி வழியிலேயே அது தளும்பித் தரையை நனைக்கும். சவாரி முடிந்து வீடு சேர்ந்ததும் மிச்சத்தை முன்பக்கம் முழுதும், இருக்கைக்கு அடியில், மிதிகட்டைகளுக்கு நடுவில், மந்திரம் சொல்லி ஊற்றுவார். பின்பக்கத்துக்கு ஊற்றமாட்டார். அதைத் தொடுவதே இழுக்கல்லவா? அதைப் பெண்களே சந்தை முடிந்ததும் வடசேரிக் கிணற்று நீர் இறைத்துக் கழுவித் துடைத்து வந்தார்கள்.

நடந்ததைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: தீட்டுப்பட்ட பின்பக்கம் நாள்தோறும் நல்ல தண்ணீரில் குளித்தது. மடியான முன்பக்கம் நாள்தோறும் உப்பில் ஊறியது.

ஒரு நாள் காலை, சுசீந்திரம் பாலத்தைத் தாண்டி வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது பிள்ளையின் காலடியில் மக்கு உதிர்ந்தது, மக்கு பிடித்திருந்த சாயம் உதிர்ந்தது, சாயம் பிடித்திருந்த துரு உதிர்ந்தது. முதலில் குடம் போயிற்று. பின்னாலேயே பிள்ளையின் வலது கால். ஒரு காலால் பிரேக்கை மிதித்து, இன்னொரு காலால் ரஸ்தாவில் நடந்து, வாய்க்கால் கரையில் முட்டி வண்டியை நிறுத்தினார். செருப்பு ஒன்று போனதைத் தவிர யாருக்கும் சேதமில்லை. பெட்டியில் இருந்தவர்கள் ஒரு கூடைகூடச் சாயாமல் இறங்கி வந்து, வண்டிக்கு அடியில் தொங்குகிற காலைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பு.

காலை வெளியே எடுத்ததும் பிள்ளை தீர்ப்புச் சொன்னார். எல்லாம் கடப்புறத்து உப்பு செய்த வேலையாம். சேலையிலும் கூடையிலும் ஒட்டிவந்த உப்பு வண்டியைத் தின்றுவிட்டதாம். இனி ஒருத்தியும் ஏறக்கூடாது. கூடைகளை இங்கேயே இறக்க வேண்டும். அதற்குள் வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாழையிலைக்கு அடியில் மீன் காத்திருந்தது.

ரீத்தா குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். பின்னால் போய்ப் பெட்டியின் தரையைக் காலால் உதைத்துப் பார்த்தாள். டங்கென்று சத்தம் வந்தது.

“பிள்ளே, நாங்க இருந்தது பின்னால. ஓட்ட விழுந்தது முன்னால. எங்களுக்க உப்பு எந்த வழியா அங்க வந்து?”

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விக்குப் பதில் சொல்ல நம் ஊரில் எப்போதும் ஒரு படித்தவர் தயாராக இருப்பார். அன்று இருந்தவர் பென்ஷன் வாங்கும் வாத்தியார் ஒருவர். வண்டி ஓடும்போது பின்னாலிருக்கும் உப்பு காற்றில் கிளம்பி முன்பக்கம் போய்ப் படியும் என்றும், இது பௌதிக சாஸ்திரத்தில் உள்ளது என்றும் அவர் விளக்கினார். ஓடுகிற வண்டியில் காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள்.

“அப்போ ஒங்களுக்க குடத்துல இருந்தது?” என்றாள் ரீத்தா. “அதுவும் எங்க கடலுக்க வெள்ளந்தானே? அதுலதானே எங்க மாப்பிளமாரு வலை வீசுதாவ?”

பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. அறியாத ஜனங்களிடம் காட்டுகிற பொறுமைதான் வந்தது.

“ஏட்டி, படித்துறைக்கு இந்தப் பக்கம் உள்ளது தீர்த்தம். அந்தப் பக்கம் உள்ளதுதான் கடலு.”

கூட்டத்தில் ஒருவர், “சரிதானே” என்றார். இரும்புக்கு இந்த எல்லை தெரியாமல் போய்விட்டதே, என்ன செய்வது!

கூடைகள் இறங்கின. சற்று நேரத்தில் நாகர்கோவிலுக்குப் போகும் பஸ் வந்தது. ரீத்தா நடு ரஸ்தாவில் போய்க் கையை நீட்டி நிறுத்தினாள். இன்றைக்கு ஒரு நாள் கூடைகளைக் கூரை மேல் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டாள்; கெஞ்சவும் செய்தாள். அவள் கெஞ்சி அதுவரை யாரும் கேட்டதில்லை என்று மற்றப் பெண்கள் பிறகு சொன்னார்கள். உள்ளே பாதி இருக்கை காலியாக இருந்தது, கூரை முழுவதும் காலியாக இருந்தது. பிரயாணிகளுக்கு ஆட்சேபம் இருக்குமே என்றார் கண்டக்டர். ‘எங்களுக்கு ஆட்சேபமில்லை’ என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்திருந்தால் போதும். அவரும் ஏற்றியிருப்பார் போலத்தான் நின்றார். ஒரு குரலும் வரவில்லை. மணி அடித்தது. பஸ் போய்விட்டது.

பெண்கள் நடந்தார்கள். வடசேரி போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்திருந்தது. தளர்ந்த மீனைத் தென்னைக்கு உரமாக வாங்கிப் போனார் தோப்புக்காரர் ஒருவர். தென்னைக்குத் தீட்டில்லை. அதில் காய்க்கும் தேங்காய்க்கும் இல்லை. அதைத்தான் சந்நிதியில் உடைப்பார்கள். அன்றிரவு ரீத்தாவின் வீட்டில் உலை வைக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர்கள் இன்னும் இருட்டோடு எழுந்து, பழையபடி தலைச்சுமையோடு ஓடுகிறார்கள்.

பிள்ளை புது மக்கு உருட்டி, புதுச் சாயம் பூசி, இப்போது இரண்டு குடமாக ஊற்றுகிறார். வாடகைக்கு ஒருவரும் வருவதில்லை. வண்டி முற்றத்தில் பரம சுத்தமாக நிற்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் வண்டியுமில்லை, குடமுமில்லை, எனக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில், ரீத்தா நின்ற பக்கத்து ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். கூடையைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, பேச்சு முடியும்வரை எதிர்ப்பக்கத்து வயலில் பயிர் எப்படி விளைந்திருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாராம். யார் என்று ரீத்தாவிடம் கேட்டேன். முகம் தெரியவில்லை, துண்டுதான் மறைத்துவிட்டதே என்றாள். துண்டின் கரை மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

எதற்கும், உங்கள் தோளில் கிடப்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.